லைசன்ஸ் கையில இருக்கு, மலைதான் இல்லை: வன்னியில இருந்துகொண்டு பராகிளைடிங்கில முன்னேறுறது எப்பிடி?

பரந்தன்_பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். போன மாரிக்கு, இஞ்ச மழை அடிச்சுக்கொண்டிருக்கேக்க, இந்தியாவில புனேக்குக் கிட்ட இருக்கிற காம்ஷெட்டில போய் நிண்டு பராகிளைடிங் படிச்சு லைசன்ஸ் எடுத்திட்டு வந்திட்டன். காத்து அமைதியா இருந்தா தனிய ஏறுவன், மலைச்சரிவோட இடம் வலமாப் போய்வருவன், சொன்ன இடத்தில இறங்குவன். ஈஎன் ஏ கிளாஸ், அதாவது புது ஆக்களுக்கான பாதுகாப்பான தரத்துக் கிளைடர் ஒண்டு செக்கண்ட்ஹாண்டா வாங்கியிருக்கிறன், இருந்து பறக்கிற ஹார்னஸ், ஆபத்துக்கு எறியிற ரிசேவ் பரசூட் எல்லாம் இருக்கு.

பிரச்சினை என்னண்டா இஞ்ச எங்க போய்ப் பறக்கிறது. முறிகண்டியில இருந்து பரந்தன் வரைக்கும் ஏ9 ரோட்டில போனா மேடெண்டு சொல்ல இருக்கிறது குளக்கட்டு மட்டும்தான். ஸ்கூலில இருக்கேக்க ரேடியோவில மாஸ்டர் சொல்லச் சொல்ல செய்தம், இப்ப கேக்க ஆக்கள் இல்லை. அடுத்த முறை போறதெண்டா காசு சேரவேணும், லீவு கிடைக்கவேணும். அதுக்கிடையில கை மறந்துபோகுமோ எண்டு பயமாக் கிடக்கு. லைசன்ஸ் எடுத்தாப் பிறகு ஒருத்தன் என்னெண்டு தொடர்ந்து முன்னேறுறது, ஆர் சொல்லித்தாறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

விசுவமடு_வேகம்:

மச்சான் மலை ஏன், இழுத்து ஏத்தலாம். யூடியூப்பில பார், வெட்டவெளியில கயிறு கட்டி இழுத்து ஏத்துறாங்கள். என்னட்ட மோட்டச்சைக்கிள் இருக்கு, மாமாட்ட லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் இருக்கு, அறுத்த வயல் பரந்துபோய்க் கிடக்கு. இந்தக் கிழமையே பாப்பம்.

சோளகக்காத்து:

வேகம் தம்பி, அதைத் தயவு செய்து செய்யாதேங்கோ. கீழ விளக்கமா எழுதுறன், முதல்ல பரந்தன் தம்பியின்ர கேள்விக்கு வாறன்.

நான் மல்லாவி. இப்ப இங்கிலாந்தில, எங்கட கிளப்பில கோச்சா இருக்கிறன். இன்ஸ்ட்ரக்டர் வேற, கோச் வேற. இஞ்ச பிரிட்டிஷ் ஹாங் கிளைடிங் அண்ட் பராகிளைடிங் அசோசியேஷன், சுருக்கமா பிஎச்பிஏ எண்டு சொல்லுறது, அதில ஸ்கூல் முடிச்ச உடன கிளப் பைலட் எண்டொரு தரம் குடுப்பினம், அதுக்கு மேல பைலட், அதுக்கும் மேல அட்வான்ஸ்ட் பைலட். ஸ்கூலுக்கும் பைலட் தரத்துக்கும் இடையில இருக்கிற அந்தக் காலம்தான் ஆக்கள் ஒண்டில் விட்டிட்டுப் போறது, இல்லாட்டி அடிபடுறது. அதுக்காகத்தான் கிளப்பில கொஞ்சம் அனுபவம் உள்ள ஆக்களுக்கு ஒரு சின்னக் கோர்ஸ் குடுத்து கோச் ஆக்கிறது. கோச் பறக்கப் பழக்கிறதில்லை. புதுசா வந்த ஆளோட மலையில நிண்டு, இண்டைக்கு என்ன செய்யப்போறீர் எண்டு கேட்டு, இறங்கினாப் பிறகு என்ன நடந்தது எண்டு கேக்கிறது, அவ்வளவுதான் வேலை. கிளப் பைலட் ஆகி முதல் 10 மணித்தியாலம் பறக்கும் வரைக்கும் ஹார்னஸில சிவப்பு ரிபன் கட்டுற வழக்கமும் இருக்கு, மற்ற ஆக்கள் கண்டா இடம் விட்டுக் குடுப்பினம், எனக்கு அது நல்லாப் பிடிக்கும்.

இதைச் சொல்லுறது ஏனெண்டால், தம்பி, உமக்குத் தேவை முதல்ல மலை இல்லை. பறப்புக்கு முன்னமும் பின்னமும் அந்த ரெண்டு கேள்வியையும் கேக்க ஒரு ஆள் வேணும். வருசத்தில கொஞ்ச நாள்தான் பறக்கலாமெண்டா அந்தக் கொஞ்ச நாளில ஒவ்வொரு பறப்புக்கும் ஒரேயொரு வேலை வைக்கவேணும். இண்டைக்கு பிரேக்கை, அதாவது கிளைடரின்ர பின் ஓரத்தைக் கையால இழுக்கிற கயிறைத் தொடாமல் உடம்பைச் சாய்ச்சு மட்டும் திரும்பிறது, நாளைக்கு லாண்டிங் சேக்கிற், அதாவது இறங்க முதல் சுத்தி வாற வழி மட்டும், எங்க உயரத்தை விடுறது, எங்க கடைசித் திருப்பம் எண்டு ஏற முதலே வாய்விட்டுச் சொல்லிப்போட்டு ஏறுறது. ஒரு வேலையும் வைக்காம நூறு தரம் ஏறி இறங்கினாலும் முதல் பறப்பைத்தான் நூறு தரம் பறந்ததாக் கிடக்கும்.

இனி கயிறு விசயம். இழுத்து ஏத்திறது உண்மையிலயே இருக்கு, அது நல்ல முறைதான், 2008இல தென்னாபிரிக்காவில வறண்ட வெட்டவெளியில இழுத்து ஏறித்தான் முதல் முதல் 500 கிலோமீற்றர் தாண்டிப் பறந்தவை. ஆனா அங்க இழுக்கிறது வின்ச், கயிறைச் சுத்தி இழுக்கிற மெசின். வின்ச்சில இழுவை கூடினா கயிறு தானா வெளிய விடும், பைலட்டின்ர நிறையைத் தாண்டாமல் இழுவையை வைச்சிருக்க ஆள் நிப்பார், நடுவில வீக் லிங்க் எண்டு அளவுக்கு மேல போனா அறுற துண்டு ஒண்டு, நெஞ்சில கையால தட்டி விடுற ரிலீஸ். மோட்டச்சைக்கிளில ஒரு முனையும் ஆளில ஒரு முனையும் கட்டினா என்ன நடக்கும் தெரியுமோ? கிளைடர் கொஞ்சம் ஒரு பக்கம் சரியும். கயிறு நேர இழுக்கும், அந்த இழுவை சரிஞ்ச பக்கத்துக்கே இன்னும் சரிக்கும், சரியச் சரிய இழுவை கூடும், லொக்அவுட் எண்டு சொல்லுறது, ரெண்டு மூண்டு செக்கனில ஆள் நிலத்தில. ஓடுற பொடியனுக்குப் பின்னால நடக்கிறது தெரியவும் மாட்டுது. இழுக்கிறதுக்கெண்டு தனியப் பயிற்சி இருக்கு, ரெண்டு முனையில நிக்கிற ஆக்களுக்கும்.

விசுவமடு_வேகம்:

அண்ணை விளங்கீற்று. சரிஞ்சா கயிறு நிமித்தும் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். லாண்ட்மாஸ்டர் வயலிலயே நிக்கட்டும். ஆனா நான் உதவிக்கு வருவன், பிடிக்க ஒரு ஆள் தேவைதானே.

பரந்தன்_பொடியன்:

நன்றி அண்ணை. //பறப்புக்கு முன்னமும் பின்னமும் அந்த ரெண்டு கேள்வியையும் கேக்க ஒரு ஆள்// இதை வாசிச்சாப் பிறகுதான் ஸ்கூலில எனக்கு நடந்ததும் விளங்குது, மாஸ்டர் சொன்னதைச் செய்தனே தவிர ஏன் எண்டு நானாக் கேக்கேல்லை. அப்ப மலை இல்லாத மாசங்களில நிலத்தில என்ன செய்யலாம்? நிலத்தில நிண்டு கிளைடரை எழுப்பிப் பிடிச்சுப் பழகிற கிரவுண்ட் ஹாண்ட்லிங் எண்டு எல்லாரும் சொல்லுவினம், எங்க, எப்பிடி, எந்தக் காத்தில?

முல்லை_அக்கா:

தம்பி, இது எனக்குத் தெரிஞ்ச விசயம். நான் நேபாளத்தில பொக்கராவில படிச்சனான், வீடு முல்லைத்தீவு.

இடத்தை வடிவாப் பாத்து எடுக்கவேணும், எங்கட ஊரில அது வேற இடத்தை விடக் கஷ்டம். முதல்ல மிதிவெடி. அகற்றி முடிச்ச இடமெண்டு ஊராக்களுக்குத் தெரிஞ்ச, ஆடு மாடு ஒவ்வொரு நாளும் மேயிற, ஆக்கள் நடந்து திரியிற நிலத்தில மட்டும் விரியுங்கோ, சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கிற பக்கம், காட்டு ஓரம் வேண்டாம். கிளைடர் காத்தில இழுபட்டுப் போனா அதுக்குப் பின்னால ஓடிப்போவம் எண்டு வரும், அப்ப எங்க போறம் எண்டு பாக்க மாட்டம், அதால நாலு பக்கமும் முதலே நடந்து பாத்து வையுங்கோ. ஜிஎஸ்ஸிட்டயும் (கிராம சேவகர்) பொலிசிலயும் முதல் நாளே ஒரு சொல் சொல்லி வைச்சா நல்லது, பெரிய கலர்ச் சீலை மேல எழும்பினா ஆக்கள் பயப்பிடுவினம். இரணைமடுவில விமானப்படையின்ர ஓடுபாதை இருக்கு, அந்தப் பக்கம் போகாதேங்கோ.

அறுத்த வயல் வெளியில இருந்து பாக்க நல்ல இடம் மாதிரித்தான் தெரியும். மெசினால வெட்டின அடிக்கட்டை கூரா நிக்கும், கிளைடரைத் தாங்கிற கயிறான லைன் அதில சிக்கி உரஞ்சும், மெல்லிய லைனில தோல் போனா வெளியில தெரியாது, உள்ளுக்க பலம் போயிடும். வரம்பு காலை இடறும். பள்ளிக்கூட மைதானம், இல்லாட்டி கோடையில குளம் வத்தேக்க அலைகரையில வாற புல்லு, ரெண்டும் நல்லது. அலைகரையில நிக்கிறதெண்டா காத்து தண்ணிப் பக்கமா உங்களைத் தள்ளக்கூடாது, முதலை இருக்கிற குளங்கள், மறக்காதேங்கோ. பனை வரிசைக்குப் பின்னால நிண்டாலும் காத்து உருண்டு உருண்டு வரும், பனையின்ர உயரத்தைப் போலப் பல மடங்கு தள்ளி நில்லுங்கோ.

கடற்கரை எண்டால் காலம் பாக்கவேணும். முல்லைத்தீவுக் கரை கிழக்கைப் பாத்தது. பங்குனி சித்திரையில பின்னேரம் கடலில இருந்து வாற கொண்டல் ஒரே சீரா வரும், அந்தக் காத்துக்கு ஈடு இல்லை. வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பினா காத்து தரையில இருந்து கடலுக்குப் போகும், முறிஞ்சு முறிஞ்சும் வரும், இழுபட்டா கடலுக்கதான் போவீங்கள். அப்ப அந்தக் கரையில விரிக்கிற கதையே வேண்டாம். மணலில விரிச்சா வீட்ட வந்து கிளைடரின்ர செல்லுக்க, காத்து நிரம்பிற அறைகளுக்க போன மண்ணைக் கொட்டி, நிழலில காயவைச்சு எடுங்கோ.

சோளகக்காத்து:

அக்கா சொன்னதில நான் ஒரு சொல்லும் மாத்த மாட்டன். காத்தின்ர அளவு மட்டும் சேர்க்கிறன். மணிக்கு 10 இல இருந்து 18 கிலோமீற்றர், 20க்கு மேல போனா மடிச்சு வையும். காத்தின்ர வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு, 15இல கையுக்க நிண்ட கிளைடர் 30இல உம்மைத் தூக்கி எறியும். பளையில ஏன் காத்தாலை போட்டவை எண்டு யோசிச்சுப் பாரும், சோளக மாசத்தில மத்தியானம் உது விளையாட்டில்லை. விடிய வெள்ளன, இல்லாட்டிப் பொழுதுபடேக்க.

இப்ப என்ன செய்யிறது எண்டு. காத்துக்கு முதுகைக் காட்டி, கிளைடரைப் பாத்துக்கொண்டு நில்லும். லைன் எல்லாம் ஹார்னஸோட சேர்ற பட்டிதான் ரைசர், முன்னுக்கு இருக்கிறது ஏ, பின்னுக்குப் போகப் பி, சி. ஏ ரைசரை மெல்லப் பிடிச்சு, கையால இழுக்காம இடுப்பால பின்னுக்குப் போம், கிளைடர் எழும்பி வரும். தலைக்கு மேல வரக் கொஞ்சம் முன்னம் ஏ ரைசரை விட்டு பிரேக்கால ஒரு தொடு, அங்க நிக்கும். எல்லாரும் பிழைக்கிற இடம் அதுக்குப் பிறகு: கிளைடர் ஒரு பக்கம் சாய்ஞ்ச உடன கை மற்றப் பக்கப் பிரேக்கை இழுத்திடும். கை வேண்டாம், முதல்ல கால். சாயிற பக்கத்துக்கு ரெண்டு எட்டு நடந்து அதுக்குக் கீழ போய் நில்லும், பிறகு தேவையெண்டா கொஞ்சப் பிரேக். சின்னனில பட்டம் ஏத்தின பொடியனுக்கு இதைக் கனக்கச் சொல்லத் தேவையில்லை, முச்சை பிழைச்ச பட்டத்தை நூலைச் சுண்டிச் சுண்டி நிமித்த ஏலாதெண்டு தெரியும், அதே உணர்வுதான். நிலத்தைப் பாக்காம, கிளைடரையும் பாக்காம, கண்ணை மூடி ஹார்னஸில எந்தப் பக்கம் பாரம் கூடுது எண்டு சொல்லிப் பழகும், மேல போனா, காத்து மாற மாற உடனுக்குடன் கையால சரிபண்ணிப் பறக்கிற அக்டிவ் பிளையிங்குக்கு அதுதான் அத்திவாரம். காத்துக் குழம்பி ஒரு பக்கம் சுருங்க முதல் இருக்கையில பாரம் குறையும், அதைத் தெரிஞ்ச ஆளின்ர கை தானா வேலை செய்யும்.

இழுபட்டா ரெண்டு பிரேக்கையும் சேத்து இழுக்காதையும், பலத்த காத்தில அது உம்மை இன்னும் தூக்கும். சி ரைசரை, இல்லாட்டி பின் ரைசரைப் பிடிச்சு இழு, கிளைடரைச் சுத்தி ஓடிப்போய் அதுக்கு அங்காலப் பக்கம் நில். ஹெல்மெற், கையுறை, கணுக்கால் மூடின சப்பாத்து, நிலத்திலதானே எண்டு ஒருநாளும் விடாதையும்.

சுவிஸ்_வன்னியன்:

வணக்கம், நான் வற்றாப்பளை, இப்ப சுவிஸ். இஞ்ச லைசன்ஸுக்கே பறப்புக் கணக்கு நிறைய வேணும், அதால கை ஊறித்தான் வருவினம், ஆனா பிறகு ஆக்கள் செய்யிறது ஒண்டு: உடன பெரிய கிளாஸ் கிளைடருக்கு மாறுறது. ஏக்கு அடுத்த கிளாஸான ஈஎன் பியில கூட மேல் பக்கம், கீழ் பக்கம் எண்டு பெரிய வித்தியாசம் இருக்கு. தம்பி உம்மட ஏ கிளாஸ் கிளைடரை விடாதையும். ஒரு வருசத்தில கொஞ்ச நாள் பறக்கிற ஆளுக்கு ஏதான் வேணும், அதில 50, 60 கிலோமீற்றர் பறந்த ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

எஸ்ஐவி எண்டு ஒரு கோர்ஸ் கேள்விப்பட்டிருப்பீர். தண்ணிக்கு மேல, கீழ படகு நிக்க, லைஃப் ஜாக்கெற் போட்டு, ரேடியோவில ஆள் சொல்லச் சொல்ல கிளைடரைச் சுருக்கி, திரும்ப விரிக்கப் பழகிறது. பிரான்சில அன்னெசி ஏரியில நடக்குது, துருக்கியில ஒலுடெனிஸில நடக்குது, அங்க பாபாடாக் மலையில 1,900 மீற்றரில இருந்து கடலுக்கு மேல வரலாம், அதால செய்யிறதுக்கு ரைம் நிறையக் கிடைக்கும். ஆனா உடன ஓடிப்போகாதையும். கிளைடரின்ர முன் பின் ஆட்டத்தைப் பிரேக்கால பிடிக்கத் தெரியாத ஆள் எஸ்ஐவிக்குப் போனா பயத்தை மட்டும்தான் வாங்கிக்கொண்டு வருவார்.

முல்லை_அக்கா:

//ஏ கிளாஸ் கிளைடரை விடாதையும்// ஓம். அதோட கிளைடரின்ர நிறை எல்லையையும் பாருங்கோ, நீங்களும் சாமானும் எல்லாம் சேத்து. நான் மெல்லிய ஆள், பொக்கராவில முதல் தந்த கிளைடர் எனக்குப் பெரிசு, காத்தில முன்னுக்குப் போகாம நிண்டது. கனபேர் கிடைச்சதை வாங்குவினம், செக்கண்ட்ஹாண்ட் எண்டா அதுவும் கூட.

ரிசேவைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வீட்டில புளியமரமோ பாலைமரமோ இருந்தா பலமான கொப்பில ஹார்னஸைத் தொங்கவிட்டு ஏறி இருங்கோ. கண்ணை மூடி, இடுப்பைத் தடவி, கைப்பிடியைத் தேடிப் பிடிச்சு இழுக்கிறது, பிறகு பாத்துக்கொண்டு வெளிப்பக்கம் எறியிறது. உண்மையா எறியாம, பிடிக்கிறது வரைக்கும் ஒவ்வொரு கிழமையும். தங்கச்சியை ஊஞ்சலாட்டுற மாதிரி ஒருத்தர் சுத்திவிட்டா இன்னும் நல்லது. ரிசேவை வருசத்துக்கு ஒருக்காவாவது பிரிச்சு திரும்ப மடிக்கவேணும், எங்கட மாரி ஈரத்தில அப்பிடியே அலுமாரிக்க கிடந்தா சீலை ஒட்டிக்கொள்ளும், விரியப் பிந்தும். மடிக்கத் தெரிஞ்ச ஆளிட்டத்தான் குடுங்கோ.

பரந்தன்_பொடியன்:

அக்கா எங்கட வளவில பாலைமரம் ஒண்டு நிக்குது, அம்மா தொங்குறதைப் பாத்துப் பயப்பிடப்போறா, சொல்லி விளங்கப்படுத்திறன். இன்னுமொரு கேள்வி. தேர்மல், அதாவது வெய்யிலில சூடாகி மேல எழும்பிற காத்துப் பற்றி ஸ்கூலில ரெண்டு வகுப்புத்தான். பறக்காம அதைப் படிக்க ஏலுமோ?

சோளகக்காத்து:

ஏலும், அதுக்கு வன்னி நல்ல பள்ளிக்கூடம். ஒரு கொப்பி எடும். காலமை ஆறரைக்குக் காத்து, வானிலை காட்டுற விண்டி ஆப்பில பாத்து, இண்டைக்கு எந்தத் திசை, எத்தினை மணிக்குக் காத்து மாறும், எத்தினை மணிக்கு முதல் முகில் கட்டும் எண்டு உம்மட கணிப்பை எழுதும். ஆப் சொல்லுறதைப் பாத்து எழுதினா போதாது, ஏன் அப்பிடி எண்டும் எழுதும். பகல் வேலைக்குப் போகேக்க பாரும். வெய்யில் ஏற, வறண்ட வயலுக்கும் தார் ரோட்டுக்கும் மேல முதல்ல முகில் கட்டும், குளத்துக்கு மேல வானம் வெளிச்சு நிக்கும், அது ஏன் எண்டு நிண்டு யோசியும். பருந்து எந்த இடத்தில சிறகடிக்காமச் சுத்துது, அந்த இடத்துக்குக் கீழ நிலம் என்ன மாதிரி. வயல் எரிச்ச புகை எந்தப் பக்கம் சரிஞ்சு, எப்ப நிமிந்து, எப்ப மற்றப் பக்கம் திரும்புது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்காத்து உள்ள வந்து சேருற நேரத்தை உம்மட இடத்தில குறிச்சு வையும், அது வந்தா குளிர்ந்த காத்து நிலத்தோட வரும், தேர்மல் செத்திடும். இரவுக்குக் கணிப்பையும் நடந்ததையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு எனக்கு வாட்சப்பில அனுப்பும், நான் கேள்வி கேப்பன், பதில் சொல்ல மாட்டன்.

ஒரு விசயம் மட்டும் இறுக்கிச் சொல்லுறன். இப்ப உமக்குப் பயம் இருக்கு, நல்லது. நாலைஞ்சு நல்ல நாள் பறந்தாப் பிறகு பயம் போகும், திறமை அதுக்குச் சரியா வளந்திருக்காது, அந்த இடைவெளியிலதான் அடிபடுறது, இன்டமீடியற் சின்ட்ரோம் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுவம். அந்த நேரம் நான் கேக்கிற கேள்வி உமக்கு எரிச்சலா இருக்கும். இருந்தாலும் பதில் எழுதும்.

சுவிஸ்_வன்னியன்:

கடைசியா ஒரு வார்த்தை பிரயாணத்தைப் பற்றி. அடுத்த முறை காசு சேந்தா எல்லாரும் வட இந்தியாவில இருக்கிற பீர் பில்லிங் எண்டுதான் சொல்லுவினம், 2015இல உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம், பில்லிங் ஏறுற இடம் 2,400 மீற்றரளவில. ஐப்பசியில வானத்தில ஆக்கள் நிறைஞ்சு போய் இருப்பினம், பின்னால பெரிய இமயம், உமக்கு அது இப்ப அதிகம். காம்ஷெட்டுக்கே திரும்பப் போம், தெரிஞ்ச மலை, தெரிஞ்ச லாண்டிங், புது வேலை. கோச்சிங் எண்டு தனியக் காசு குடுத்து ரெண்டு மூண்டு நாள் ஒரு ஆளைப் பிடிச்சுக்கொள்ளும். தனியப் பறந்து மிச்சம் பிடிக்கிற காசை விட அது பெறுமதி.

பரந்தன்_பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. முடிவு இதுதான்: பங்குனி சித்திரைக்கு ஒவ்வொரு சனியும் பின்னேரம் அக்காவின்ர பக்கம் கடற்கரைக்கு வாறன், வேகம் அண்ணை பிடிக்க வருவார். காத்துமானி ஒண்டு ஓடர் பண்ணியாச்சு. காலமைக் கணிப்பு நாளைக்கே தொடங்குறன். சோளகம் அண்ணை, கிரவுண்ட் ஹாண்ட்லிங் வீடியோ எடுத்து அனுப்பினா பாப்பீங்களோ, எந்தப் பக்கத்தில இருந்து எடுக்கிறது?

சோளகக்காத்து:

பாப்பன், கட்டாயம். போனை வேகம் தம்பியிட்டக் குடும். உம்மட பக்கவாட்டில, கொஞ்சம் தூரத்தில நிண்டு எடுக்கட்டும், கிளைடர் முழுக்கவும் உம்மட ரெண்டு கையும் காலும் ஒண்டாத் தெரியவேணும். கிளைடரை மட்டும் எடுத்தா எனக்கு ஒண்டும் விளங்காது. சத்தத்தையும் விடும், எழுப்ப முதல் என்ன செய்யப்போறன் எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டு எழுப்பும். முதல் சனி அரை மணித்தியாலம் போதும், கை களைச்சாப் பிறகு செய்யிறது பிழையைத்தான் பழக்கும்.

முல்லை_அக்கா:

தம்பி மூண்டு மணிக்கு வாங்கோ, அதுக்கு முன்னம் வெய்யிலுக்குக் காத்து முறிஞ்சு வரும். வரேக்க விரிக்கப் பெரிய படங்கு ஒண்டு கொண்டாங்கோ, ரைசரும் லைனும் மணலில கிடக்காது. நான் கரையில எங்கட ஆக்களிட்டச் சொல்லி வைக்கிறன், வலை காயப்போடுற பக்கம் தள்ளித்தான் விரிக்கவேணும்.

விசுவமடு_வேகம்:

படங்கு என்னட்ட இருக்கு. சனி ரெண்டரைக்குப் புதுக்குடியிருப்புச் சந்தியில நிப்பன்.